அழுகை அடங்கட்டும், பிறகு பேசுவோம்

“டீச்சர், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?”

பாலர் பள்ளியில் சேர்ந்து மூன்றே மாதமான இளம் ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார். வகுப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன் தரையில் விழுந்து புரள்கிறான். விளையாட்டுக் கட்டைகளை எறிகிறான். “அடியாத மாடு படியாது” என்றாராம் உடன் வேலை செய்பவர்.

மாடு வேறு, பிள்ளை வேறு. கோபத்தை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர 20 வயதைத் தாண்டிவிடும். கதறும் பிள்ளையிடம் “ஏன் இப்படிச் செய்கிறாய்?” என்று கேட்டால் பதில் வராது.

அந்த நேரத்தில் எறியக்கூடிய பொருள்களை அகற்றுங்கள். மற்ற பிள்ளைகளைத் துணையாசிரியருடன் சற்றுத் தள்ளி அனுப்புங்கள். அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், “கோபமா இருக்கியா? டீச்சர் பக்கத்துலதான் இருக்கேன். ஆனா கட்டையை எறிய விடமாட்டேன்” என்று சொன்னால் போதும். அறிவுரையெல்லாம் அவன் அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு.

இன்னொன்றும் சொன்னேன்: ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு அழுதான்? அதற்கு முன் என்ன நடந்தது? அழுததால் என்ன கிடைத்தது?

ஐந்து நாளில் நான்கு நாள், விளையாட்டுச் சாமான்களை எடுத்துவைக்கும் நேரத்தில்தான் அழுகை தொடங்கியிருக்கிறது. பாதி கட்டிய வீட்டைத் திடீரென்று கலைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கத்தியதும் ஆசிரியை கட்டைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கத்தினால் கிடைக்கும் என்று அவனும் கற்றுக்கொண்டான்.

இப்போது ஐந்து நிமிடத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார். அவன் கட்டியதைப் பெயர் எழுதி அலமாரியில் வைக்கிறார், நாளை தொடரலாம். கத்தினாலும் கட்டை திரும்பக் கிடைப்பதில்லை. அழுகை அடியோடு நிற்கவில்லை. போன வாரம் ஒரே நாள்தான்.

பெற்றோர்களே, வீட்டில் கைப்பேசியைச் சட்டென்று பிடுங்கும்போது நடப்பதும் இதுதான். ஆசிரியர் உங்களிடம் பேச வந்தால், புகார் என்று நினைக்காமல் வீட்டில் கண்டதையும் சொல்லுங்கள். பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, வயதுக்கேற்ற பேச்சு வராவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

அந்த ஆசிரியை வேலையை விடவில்லை. அடுத்த தவணைக்கும் அதே வகுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.