பூட்டிய வாசல்

சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை காரில் வந்த குடும்பம் ‘வாலி வேர்ல்ட்’ பூங்காவின் வாசலில் நிற்கிறது. பழுதுபார்ப்புக்காக இரண்டு வாரம் மூடல்! ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்’ (1983) படத்தின் மொத்த வேடிக்கையும் வேதனையும் இங்கேதான். வழியில் பணம் போயிற்று. கார் பறந்து பாலைவனத்தில் விழுந்தது. செத்துப்போன எட்னா கிழவியைக் கார்மேல் கட்டி எடுத்து வந்தாயிற்று. இனி ‘ஊர் திரும்பலாம்’ என்றால் அப்பா கிளார்க் (செவி சேஸ்) கேட்பாரா?

படத்துக்கு மூலமான தன் சிறுகதையில், அப்பா வால்ட் டிஸ்னியையே காலில் சுடுவதாக எழுதியிருந்தார் ஜான் ஹியூஸ். படத்திலும் கிளார்க் பூங்கா முதலாளியின் வீடு தேடிப் போய் மிரட்டுவதாகத்தான் முதலில் எடுத்தார் இயக்குநர் ஹெரால்ட் ராமிஸ். முன்னோட்டக் காட்சியில் அதுவரை சிரித்தவர்கள் அங்கே அடங்கிப்போனார்கள். பின்னே? இத்தனை மைல் கூடவே வந்த ரசிகர்களும் ராட்டினம் ஏற வேண்டாமா?

சில மாதங்கள் கழித்துப் புதிய முடிவு படமானது. காவலாளியை (ஜான் கேண்டி) ஏர் கன்னால் மிரட்டிப் பூங்காவுக்குள் நுழைகிறது குடும்பம். கூர்ந்து பார்த்தால் தெரியும்: அங்கே நிற்கும் மகன், வழியெல்லாம் காரில் வந்த பையனைவிடச் சற்று உயரம்.