முதலில் ஒரு நட்!

கணினித் திரையில் விண்கலம் கட்ட ஆசைப்படாத மாணவர் உண்டோ? நானும் ஆசைப்பட்டேன். சென்ற விடுமுறையில் நண்பனின் பழைய மடிக்கணினியில், காணொளிப் பாடம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து, பிளெண்டர் மென்பொருளில் விண்கலம் ஒன்றைச் செய்து முடித்தேன். மறுநாள் காணொளி இல்லாமல் சாதாரணப் பெட்டி ஒன்றைச் செய்ய முயன்றேன், கை ஓடவில்லை. நான் கற்றது கலையன்று. எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்னும் வரிசை மட்டுமே!

எந்திரம், கருவி, வாகனம் போன்ற திடப்பொருள்களைத் திரையில் உருவாக்குவதை 'ஹார்ட் சர்ஃபேஸ் மாடலிங்' என்பர். புள்ளிகள் சேர்ந்து விளிம்பு. விளிம்புகள் சேர்ந்து முகம். முகங்கள் சேர்ந்து உருவம். அடிப்படை இவ்வளவே.

என் விண்கலத்தைப் பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன். அவர் லேத் பட்டறைத் தொழிலாளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூலையெல்லாம் கத்தி மாதிரி இருக்கேப்பா. எந்த இரும்புச் சாமானும் இப்படி இருக்காது. சேம்பர் போட மாட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைப் பொருளின் விளிம்பு சிறிதளவாவது மழுங்கியிருக்கும். அங்கேதான் ஒளி பட்டு மின்னும். மென்பொருளில் 'பெவல்' என்று பெயரிட்டிருப்பது இதைத்தான்!

அப்பா பன்னிரண்டு எம்.எம். நட் ஒன்றைக் கொடுத்து, "இதை மொதல்ல செய்" என்றார். வெர்னியரால் அளந்தோம்: எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 19 மி.மீ., கனம் 10 மி.மீ. அதைச் செய்ய மூன்று மாலைகள் ஆயின. வெளியே ஆறு பக்கம், உள்ளே வட்டம். இரண்டையும் எப்படி இணைப்பது? வட்டத்துக்கு 24 புள்ளிகள் வைத்து, வெளிப்பக்கம் ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தேன். எல்லா முகங்களும் நாற்கரங்களாக ஒழுங்காக அமைந்தன.

பிறகு, எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட மெருகு முறையைப் பயன்படுத்தினேன். நட் கரைந்த சோப்புக்கட்டி போலாயிற்று! அம்முறை ஒவ்வொரு முகத்தையும் பிரித்து வளைவாக்குகிறது. மூலை நிலைக்க வேண்டுமானால் அதன் அருகிலேயே துணைக்கோடு ஒன்று வேண்டும். விண்கலம் கற்பிக்காத பாடத்தை நட் கற்பித்தது.

மாணவ நண்பர்களே! கையில் பிடித்து அளக்கக்கூடிய பொருளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மென்பொருளுக்குப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். 2002-இல் பலர் சேர்ந்து 1,00,000 யூரோ திரட்டித் தந்ததால் பிளெண்டர் கட்டற்ற மென்பொருளாயிற்று. நம் கணினி ஆய்வகம் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால், மடிக்கணினி இல்லாதோரும் பழகலாம். பேராசிரியர்கள் மனம் வைக்க வேண்டும்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்று நானும் வருந்தியதுண்டு. அது தவறு. தச்சரும் கொத்தனாரும் ஃபிட்டரும் விளிம்பையும் அளவையும் அறிந்தவர்களே. நாம்தான் அவர்களைக் கேட்கவில்லை.

விண்கலம் பிறகு பறக்கட்டும். முதலில் ஒரு நட் செய்வோம்!

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்