கத்தரிக்கோலை எடுக்குமுன்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது முதுமொழி. உடுத்துவதற்குரிய கந்தைக்கு அம்மொழி பொருந்தும். உடுத்தியவர் மறைந்தபின் எஞ்சி நிற்கும் துணிக்கும் அது பொருந்துமோ? இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

ஊவாவின் தோட்டங்களிலே பழந்துணி எளிதில் வீணாவதில்லை. தாயின் பழஞ்சேலை குழந்தைக்குத் தொட்டிலாகும். பின்பு குளிருக்குப் போர்வையாகும். ஈற்றில் அடுப்படியைச் சேரும். இக்காலத்திற் சேலையோடு ரீ-சேர்ட்டும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று, தேர்தலுக்கு ஒன்று, கொழும்பில் வேலைபார்க்கும் மகன் தீபாவளிக்குக் கொணர்ந்தது ஒன்று என லயத்துக் கொடிகளில் அவை தொங்குகின்றன. மறைந்த ஒருவரின் ரீ-சேர்ட்டுகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நினைவுப் போர்வையாகத் தைத்து அவர் உற்றாருக்கு அளிக்கும் வழக்கம் மேனாடுகளில் உண்டு.

பசறை வழித் தோட்டமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி இதனைக் கேள்வியுற்றாள். அயல் லயத்துத் தாய் ஒருத்தி வீதி விபத்தில் மகனை இழந்து ஓராண்டாகியிருந்தது. அவளுக்கு ஒரு போர்வை தைத்துக்கொடுக்க விரும்பி மாணவி எம்மிடம் யோசனை கேட்டாள். "நன்றாயுள்ளவற்றைத் தெரிந்தெடுத்துத் துவைத்துத் தை" என்றோம். அத்துடன் எம் கடமை முடிந்ததெனவும் எண்ணினோம்.

அவளும் குறைவறச் செய்தாள். ரீ-சேர்ட் பின்னல் துணியாதலால் தைக்கும்போது இழுபட்டுக் கோணும். ஆகவே, சூட்டில் ஒட்டும் மெல்லிய உள்துணியைப் பின்புறம் வைத்து இஸ்திரி போட்டாள். ஒவ்வொன்றையும் 13 அங்குலச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத் தைத்தாள். வரிசைக்கு 3 ஆக 4 வரிசை, 12 துண்டுகள். பின்புறத்திற்குப் பழஞ்சேலை ஒன்று. மூன்றடி அகலமும் நான்கடி நீளமுமாகப் போர்வை உருவாயிற்று.

தாய் அதனை மடியில் விரித்து ஒவ்வொரு துண்டாகத் தடவினாள். பிறகு, "அந்தக் கிழிஞ்ச பச்சைச் சட்டை எங்கே, புள்ளே?" என்றாள். தோளிற் கிழிந்து சுண்ணாம்புக் கறை படிந்த சட்டை அது. மகன் கடைசியாக வீடு வந்தபோது அதை உடுத்தியே லயத்துச் சுவருக்கு வெள்ளையடித்தான். ஓராண்டாக அவள் அதனைத் துவைக்காமல் வைத்திருந்தாள். நாம் கூறிய யோசனைப்படி அது விலக்கப்பட்டு, தையல் இயந்திரம் துடைக்கும் துணியாகியிருந்தது.

இதை மாணவி வந்து கூறியபோது நாம் நாணினோம். படித்த எமக்கு அத்தாயை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

1987 ஒக்டோபர் 11 அன்று, எயிட்ஸ் நோயால் மாண்டவர்களின் நினைவாக 1,920 துணிப்பலகங்கள் வாஷிங்டன் நகரில் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. பெரும்பாலும் மாண்டவரை அறிந்த நண்பரும் உறவினருமே அவற்றைத் தைத்தனர். எந்தத் துணி எவருடைய வாழ்வைச் சொல்லும் என்பதை அறிந்தோர் அவர்களன்றோ?

நமது மாவட்டத்திலேயே, 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆட்களோடு அவர்தம் உடுப்புகளும் மண்ணுக்குள் போயின. அங்ஙனம் இழந்தோரை நினைக்குங்கால், எஞ்சிய ஒரு கந்தலின் மதிப்பு விளங்கும்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, பிறருக்காக இத்தகைய பணியை மேற்கொள்வீராயின், முதலில் அவர்கள் அருகில் அமருங்கள். எதை வெட்டலாம், எதை வெட்டலாகாது, எதைத் துவைக்கலாகாது என்று அவர்களே சொல்லட்டும். பிரித்த தையலை மீண்டும் போடலாம். வெட்டிய துணி மீண்டும் சட்டையாகாது. துவைத்த துணியில் உடுத்தியவரின் வாசனை மீளாது.

மாணவி மூலைத் துண்டொன்றைப் பிரித்தெடுத்து, பச்சைத் துணியைக் கறையோடும் கிழிசலோடும் அவ்விடத்திற் பொருத்தினாள். அதில் இயந்திர எண்ணெயின் புள்ளிகளும் இருந்தன. மகனின் வாசனையை மட்டும் அவளால் மீட்டுக்கொடுக்க இயலவில்லை. அத்தாயோ அந்த மூலையையே தலைப்பக்கமாக வைத்துப் போர்த்துகிறாளாம்.