முட்டை நின்ற கோழியை அறுக்காதீர்கள்

கிள்ளானில் தீபாவளி நெருங்கினால் மழையும் கூடவே வந்துவிடும். போன மழையில் என் ஏழு கோழிகளில் இரண்டுக்கு இறகு உதிர்ந்தது. கழுத்து மொட்டை, வாலே இல்லை, முட்டையும் நின்றுபோனது. "இனி எதுக்குக்கா, அறுத்துடலாமே" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி.

கூடாது என்றேன். இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்குப் போகிற சத்தை, பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் இரண்டு மூன்று மாதம் கோழி இறகுக்குத் திருப்புகிறது. அது நோயல்ல. நான் நெத்திலித் தலைகளை உப்புப் போக அலசி, காயவைத்து, இடித்துத் தீவனத்தில் கலந்தேன். தோலில் முள் மாதிரி குருத்துகள் கிளம்பின. அவற்றுக்குள் இரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும். அப்போது கோழியைத் தூக்கக் கூடாது.

மழைக்காலத்தில் ஈரம்தான் பெரிய எதிரி. கூண்டின் முன் குனிந்து, கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கு எரிந்தால் கூண்டில் பரப்பிய மரத்தூளை அன்றே மாற்ற வேண்டும். கூரை ஒழுகக் கூடாது. ஆனால் பக்கவாட்டை முழுக்கத் தார்ப்பாயால் மூடினால் காற்று செத்துவிடும்.

மலேசியாவில் முட்டைக்கான அரசு உதவித்தொகை 2025 ஆகஸ்ட் 1-இல் நின்றது. அதனால் வீட்டிலேயே கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் ஊராட்சி மன்ற விதியைக் கேளுங்கள். கோழியை வாங்கிவிட்டால், முட்டையில்லாத மாதங்களிலும் அதற்குச் சோறு போடுங்கள்.