காற்று யார் சொத்து?

தோழனே!

சுவாமிமலை வட்டாரத்து வயல்வெளியில் முதிய உழவர் எவரையேனும் கண்டு, "ரேடியோ நெல் என்பது யாது?" என்று கேட்டுப்பார். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுவை நெல் என்பார். திருச்சி வானொலி ஊரூராக அதன் பயனை எடுத்துரைத்தது. விதைக்கு வானொலியின் பெயரே நிலைத்துவிட்டது. தில்லியிலிருந்து ஆணையிட்டு வைத்த பெயரன்று அது. சேற்றில் கால் வைத்தவன் வைத்த பெயர்!

இத்துணை உரிமையோடு உழவன் போற்றிய வானொலிக்கு உரிமையாளன் யார்?

சென்னையில் அதைத் தொடங்கியது அரசன்று. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியாரும் ஆர்வலர் சிலரும் மாகாண வானொலிக் கழகம் கண்டனர். பணமுடையால் 1927-இல் அது ஓய்ந்தது. ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கிற்று. குப்பை அள்ளவும் குழாய்நீர் தரவும் பொறுப்பேற்ற மன்றம், மாலை நேரத்தில் இசையும் தந்தது!

பம்பாயிலோ வேறு கதை. இங்கிலாந்தில் கம்பெனியிடமிருந்த பி.பி.சி., 1927 சனவரியில் பொதுக் கழகமாயிற்று. அதே ஆண்டு சூலையில் இர்வின் பிரபு இங்கே திறந்துவைத்ததோ தனியார் கம்பெனியின் நிலையத்தை! தன் நாட்டுக்குப் பொதுவுடைமை, அடிமை நாட்டுக்குக் கம்பெனி வணிகம்! மூன்றாண்டுக்குள் கம்பெனி கலைந்தது; 1930 ஏப்ரலில் அரசு ஏற்றது. மறு ஆண்டே செலவு மிகுதியென மூடவும் துணிந்தது. மக்கள் குரல் எழவே பின்வாங்கியது. 1936-இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. 1939-இல் திருச்சி நிலையம் எழுந்தது.

1947-இல் கொடி மாறியது. ஒலிவாங்கியின் சாவி மட்டும் தில்லிச் செயலகத்தை விட்டு அகலவில்லை.

மகன் உரைக்க, தந்தை வாய்பொத்திக் கேட்டான் என்பது சுவாமிமலைக் கதை. நம்புகிறாயோ இல்லையோ, கதையின் துணிவைப் பார்! வானொலியிலோ நெடுங்காலம் உரைத்தவர் ஆள்வோர். வாய்பொத்திக் கேட்டவர் மக்கள்.

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. தன்னாட்சி தரும் பிரசார் பாரதி சட்டமோ 1990-இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வர ஏழாண்டு உறங்கியது. விழித்த பின்னும் அதன் உலை கொதிப்பது மைய அரசின் மானியத்தால். உலைக்கு அரிசி தருபவன் சொல்லைத் தட்டுவது எளிதோ? 2023-இல் ஆங்கில ஒலிபரப்பிலும் "ஆகாசவாணி" என்றே சொல்லவேண்டும் என்று ஆணை பிறந்தது. உரிமையாளரான நம்மை எவர் கேட்டார்?

கேட்காதோரை நாம் கேட்போம். அன்று வானொலி கேட்க ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம். இன்று தகவல் உரிமைச் சட்டப்படி கேள்வி கேட்கவும் பத்து ரூபாய்தான். கிளைக்கொரு மனு எழுது, தோழனே: திருச்சி நிலையத்தின் ஒலிபரப்பில் டெல்டா உழவனுக்கு எத்தனை மணி நேரம்? தில்லியிலிருந்து வருவதை அப்படியே வழங்குவது எத்தனை மணி நேரம்?