மே லீவுக்கு இலங்கையா? கடலுக்குக் கிழக்கே போங்க!

துவாக்குடியில் பஸ் ஏறினால் சென்னை போய்ச் சேர ஆறேழு மணி நேரம். திருச்சி ஏர்போர்ட்டில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இலங்கை. அதனால் முதல் ஃபாரின் ட்ரிப் என்றதும் பல வீடுகளில் கொழும்பு பெயர்தான் அடிபடுகிறது. பிள்ளைகளுக்கு லீவு மே மாதத்தில். சிக்கல் அங்கேதான்.

ரீல்ஸில் பார்த்த மிரிஸ்ஸா, உனவட்டுன பீச்சுகளுக்கு ரூம் போட்டுவிடுகிறார்கள். அந்த நீலக் கடல் டிசம்பர் முதல் மார்ச் வரைக்கானது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் தெற்கு, மேற்குக் கரைகளில் அலை சீறும். சிவப்புக் கொடி பறக்கும் பீச்சில் ‘முட்டி வரைதானே’ என்று இறங்குவது ஆபத்து. அடியில் இழுக்கும் நீரோட்டம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

அதே மே மாதத்தில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நடுவில் நிற்கும் மலைகள் தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுகின்றன. ஞாபகம் வைத்துக்கொள்ள எளிய கணக்கு: குற்றாலத்தில் சாரல் என்றால் காலி பக்கம் கடல் கொந்தளிக்கும், திருச்சியில் ஐப்பசி அடைமழை என்றால் திருகோணமலையிலும் மழை. எனவே மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா. பாசிக்குடாவில் ரொம்ப தூரம் வரை ஆழம் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது. நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏற வேண்டாம். பவளத்தை மிதிக்கவும் வேண்டாம், அது உயிருள்ளது.

மலை ஏற ஆசை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வருவது நல்லது. கால் வலி மணலில் ஆறும். விமானம் இறங்கும் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு நகருக்குள் போகாமலே கண்டி வழியாக நுவரெலியா போய்விடலாம். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளி: கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், சுமார் 9 கிலோமீட்டர் வட்டப் பாதை, நடுவில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தாக்கு. காலை 9 மணி தாண்டினால் பெரும்பாலும் மூடுபனி மறைத்துவிடும். எனவே 6 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். ஸ்வெட்டர் கட்டாயம், மே மாதம்தானே என்று நினைத்தால் நடுங்க வேண்டியதுதான்.

சிவனொளிபாத மலை வேறு கணக்கு. 2,243 மீட்டர் உயரம், 5,000 படிகளுக்கு மேல். சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அதற்குப் பிறகு வழியில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது, மழை மட்டும் இருக்கும். மலைக்கோட்டையில் 400 சொச்சம் படிக்கே மூச்சு வாங்குகிறவர்கள், ஒரு மாதம் முன்பே உச்சிப் பிள்ளையாரைத் தினமும் பார்க்க ஆரம்பிக்கலாம். மூட்டு வலியுள்ள பாட்டியை வற்புறுத்த வேண்டாம். நுவரெலியாவில் ஏரிக்கரை இருக்கிறது.

2025 நவம்பரில் வீசிய டிட்வா புயலால் மலையகத்தில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டன. ரயில் பாதையும் சேதமடைந்தது. கண்டி - எல்ல ரயிலை நம்பித் திட்டம் போடும்முன், முழு தூரமும் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விசா விதிகளும் மாறுபவை. இலங்கை அரசின் ஈ.டி.ஏ. இணையதளத்தில் மட்டும் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்த்துவிடலாம். அங்கேயும் அன்றுதான் புத்தாண்டு. நுவரெலியாவில் ரூம் வாடகை எகிறும்.

நுவரெலியாவிலிருந்து திருகோணமலை ஒரு பகல் முழுக்கப் பயணம். பாட்டி இருந்தால் தம்புள்ளையில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அவருக்கான நாள் திருகோணமலையில், கடலுக்கு மேலே பாறையில் நிற்கும் கோணேஸ்வரம். கயிலையிலிருந்து பெயர்ந்து விழுந்த மூன்று துண்டுகள்தான் காளஹஸ்தி, திருச்சி மலை, திருகோணமலை என்பது புராணக் கதை. அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலையை அவரிடமே விட்டுவிடலாம்.