துளை பெரிதானால் பையனைத் திட்டாதீர்கள், பிட்டின் முனையைப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பட்டறை வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். வீட்டில் கை டிரில் வைத்திருக்கும் மாமா, மச்சான்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

என்னிடம் ஃபிட்டர் படித்தவர்களில் பலர் இன்று கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் சொந்தப் பட்டறை நடத்துகிறீர்கள். நாலு பேருக்கு வேலை கொடுக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் உங்களில் சிலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பம்ப் ஃபிளேஞ்சில் துளை பெரிதாகிவிட்டால், இடம் விலகிவிட்டால், மெஷினில் நின்ற பையனைத் திட்டுகிறீர்கள். ரிஜெக்ட் ஆன ஜாப்புக்கு அவன் சம்பளத்திலும் பிடிக்கிறீர்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து. பெரும்பாலும் தப்பு அவன் கையில் இல்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த பிட்டில் இருக்கிறது. அதைத் தீட்ட நீங்கள் கொடுக்காத நேரத்தில் இருக்கிறது.

வகுப்பில் சொன்னதுதான், மறுபடி சொல்கிறேன். டிரில் பிட்டின் முனையில் வெட்டுகிற விளிம்பு இரண்டு. லிப் என்போம். இரண்டும் ஒரே நீளம், ஒரே கோணம் என்று இருந்தால்தான் பிட் தன் மையத்தில் சுற்றும். ஒரு லிப் அரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் முனை மையத்தை விட்டு விலகி, பெரிய வட்டம் போடும். 10 மி.மீ. பிட் மாட்டியிருப்பீர்கள், வெர்னியர் வைத்தால் 10.3 காட்டும். கோணம் மாறியிருந்தால் ஒரே லிப் மொத்த பாரத்தையும் சுமந்து சீக்கிரம் மழுங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எம்.எஸ். பிளேட்டில் துளை போடும்போது சுருளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் பிட் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் தீட்ட வேண்டும்.

அடுத்து, பிட் வாங்குவது. கடையில் தங்க நிறத்தில் மின்னும் ஐம்பது பிட் செட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தப் பூச்சு சில மைக்ரான் கனம்தான். உள்ளே நல்ல எச்.எஸ்.எஸ். இருந்தால் பூச்சு உதவும். உள்ளே மட்டமான இரும்பு என்றால் வெறும் முலாம். அதுவும் ஒருமுறை தீட்டினால் தீட்டிய இடத்தில் பூச்சு போய்விடும். கோபால்ட் பிட் அப்படியல்ல. எம்35 என்றால் 5 சதவீதம், எம்42 என்றால் 8 சதவீதம் கோபால்ட், உலோகம் முழுக்கக் கலந்திருக்கும். தீட்டினாலும் குணம் போகாது. எஸ்.எஸ். வேலைக்கு அதை வாங்குங்கள். ஆனால் கை டிரில்லில் மாட்டிக் கோணலாக அழுத்தினால் ஒடிந்துவிடும்.

ஐம்பது பிட் செட்டுக்குப் பதில், தினமும் தேவைப்படும் அளவுகளில் நல்ல பிட் இரண்டிரண்டு வாங்குங்கள். எம்6 டேப்புக்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2. கூடவே ஒரு டிரில் கேஜ். எம்.எஸ்ஸுக்கு முனைக் கோணம் 118 டிகிரி, எஸ்.எஸ்ஸுக்கு 135. லிப்புக்குப் பின்னால் 8 முதல் 12 டிகிரி சரிவு இருக்க வேண்டும். சரிவு இல்லாத பிட் வெட்டாது, தேய்த்துச் சூடாகும்.

வேகமும் பையன் கையில் இல்லை. பெல்ட்டை மாற்ற நேரம் கொடுக்காமல் 5 மி.மீ. பிட்டையும் 16 மி.மீ. பிட்டையும் ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்கிறீர்கள். எம்.எஸ்ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால், 5 மி.மீ. பிட்டுக்கு 1600 ஆர்.பி.எம்., 10-க்கு 800, 16-க்கு 500. எஸ்.எஸ். என்றால் இதில் பாதிக்கும் கீழே. அதில் பிட்டை அழுத்தாமல் சும்மா சுற்றவிட்டால் உரசிய இடம் கெட்டிப்பட்டு, அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது.

துளை இடம் மாறுவதற்கும் காரணம் உண்டு. பிட்டின் நட்ட நடுவில் இருக்கும் உளி விளிம்பு வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. அதனால்தான் பிட் நழுவுகிறது. மார்க்கிங், சென்டர் பஞ்ச், சென்டர் டிரில், சின்னப் பிட், பிறகு பெரிய பிட். இந்த வரிசையில் ஒன்றைக் குறைத்து நேரம் மிச்சம் பிடித்தால் ரிஜெக்டில் அந்தக் காசு போகும்.

இன்னொன்று. டிரில் பிட் என்பது துல்லியத்தின் கடைசிக் கருவி அல்ல. டிராயிங்கில் 10 எச்7 என்று போட்டிருந்தால் துளை 10.000-க்கும் 10.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அது ரீமர் வேலை. 9.8 பிட்டில் போட்டு ரீமர் விட வேண்டும். ரீமர் வாங்கித் தராமல் பிட்டிலேயே அந்த அளவைக் கேட்பது என்ன நியாயம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், நாம் ஆடுகிறவளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

"சார், எல்லாம் சி.என்.சி. வந்தாச்சு, இன்னும் கல்லில் பிட் தீட்டுவதா?" என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். கார்பைடு பிட்டைக் கையால் தீட்டச் சொல்லமாட்டேன். 3 மி.மீ.க்குக் கீழே உள்ளதை மாற்றிவிடுங்கள். ஆனால் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் முறுக்கு பிட்டுக்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை, லிப் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. புதுப் பிட்டும் மழுங்கத்தான் போகிறது. மழுங்கியதைப் பார்த்துச் சொல்லத் தெரியாத பையன், அது கத்தும்வரை ஓட்டுவான். அழுத்தி அழுத்தி ஓட்டும்போது பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் ஜாப்பை இழுத்துச் சுற்றிவிடும். அப்போது போவது ஜாப் மட்டுமல்ல, விரலும்தான். ஜாப்பை வைஸில் கட்டாமல் ஒரு துளைகூட வேண்டாம். டிரில்லிங் மெஷினில் கையுறை கூடவே கூடாது. வீட்டில் கை டிரில் பிடிக்கிற சொந்தங்களே, தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு துளை போடாதீர்கள்.

பட்டறை வைத்திருக்கும் தம்பிகளிடம் நான் கேட்பது இரண்டுதான். தினமும் காலையில் கால் மணி நேரம், பழைய பிட்டுகளை வைத்துப் பையன்களுக்குத் தீட்டக் கற்றுக் கொடுங்கள். நான் உங்களிடம் சம்பளம் பிடித்தா சொல்லிக் கொடுத்தேன்? அவன் தீட்டிய பிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சரி கண்ணு, மாட்டு" என்று நீங்கள் சொல்லும் நாளில் உங்கள் ரிஜெக்ட் தானாகக் குறையும்.

இரண்டாவது, இந்த மாதம் துளை பெரிதானதற்காக யார் சம்பளத்திலாவது பிடித்திருந்தால், முதலில் அந்தப் பிட்டை எடுத்துப் பாருங்கள். லிப் சமமாக இல்லையென்றால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.